அணைப்பட்டியில் நான் விட்ட மீன்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பேரனுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு மீன் தொட்டி வாங்கினேன். கடைக்காரர் தங்கமீன்களோடு விரல் நீளத்தில் கறுப்பாக ஒன்றையும் பையில் போட்டார். "டேங்க் கிளீனர் சார். பாசியெல்லாம் தின்னுடும், தொட்டி கழுவுற வேலை மிச்சம்" என்றார். ரிட்டயரான குமாஸ்தாவுக்கு வேலை மிச்சம் என்றால் கசக்குமா?

இரண்டே வருடத்தில் அது ஒரு சாணைத் தாண்டிவிட்டது. திரும்பக்கூடத் தொட்டியில் இடமில்லை. கொல்ல மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அணைப்பட்டி ஆஞ்சநேயரைத் தரிசிக்கப் போனபோது வாளியில் கொண்டுபோய் வைகையில் விட்டேன். புண்ணியம் செய்த நினைப்பில் வீடு திரும்பினேன்.

போன மாதம் மறுபடி அங்கே போயிருந்தேன். கரையில் ஒருவர் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலையில் ஜிலேபிக் கெண்டைகள் நாலைந்து. மற்றதெல்லாம் அதே கறுப்பு மீன், முழங்கை நீளத்தில்.

அதைப் பார்த்ததும் காரைக்கால் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அங்கே பிரெஞ்சில் படித்த 'குயிராஸ்' என்ற சொல்லுக்குப் போர்வீரன் மார்பில் மாட்டும் கவசம் என்று பொருள். இந்த மீன் இனத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள். சொந்த ஊர் தென் அமெரிக்கா, அமேசான் பக்கம். அங்கே பிரெஞ்சு கயானாவில் (19ஆம் நூற்றாண்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் கூலிகளாகக் கப்பலேறிய ஊர்) இதன் உறவுக்கார மீனான 'அத்திப்பா'வை விரும்பிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இங்கே இதைத் தொடுவார் இல்லை.

வைகையின் குணம் நமக்குத் தெரியும். தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும்போது கெண்டை மூச்சுத் திணறும். இது மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசித்துக்கொள்ளும். சாக்கடை கலந்தாலும் கவலையில்லை. கரையில் கைநீள வளை தோண்டி முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண் காவல் இருக்கும். வளைகள் பெருகினால் கரை சரியும். பாசியை வழிக்கும்போது மற்ற மீன்களின் முட்டையும் சேர்ந்து உள்ளே போய்விடும். அமேசானிலாவது முதலையும் நீர்நாயும் பிடித்துத் தின்னும். இங்கே இந்தத் தகட்டை யார் கடிப்பது?

"வலை என்ன விலை தம்பி?" என்று கேட்டேன்.

"விலைய விடுங்கய்யா, கிழிசலத் தைக்கவே பாதி நாளு போயிருது. யாரோ வீட்டுல வளர்த்து ஆத்துல விட்டுட்டாங்க."

"நானும் ஒண்ணு விட்டேன் தம்பி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஒண்ணுதானய்யா?" என்றார். பிறகு தலையைக் குனிந்து முள்ளிலிருந்து நூலை விடுவிக்கத் தொடங்கினார்.

எடுத்த மீன்களை மேட்டு மணலில் வீசிவிட்டிருந்தார். கோயிலுக்குப் போய், டீ குடித்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். மணல் ஒட்டிய அந்த வாய்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.