ஒப்பு வைக்கிறவர்கள்

காந்திகிராமத்தில் மருத்துவமனையைப் பார்க்கிறோம், பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறோம். 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். டி.வி.எஸ். வீட்டுப் பெண். கணவர் சௌந்தரராஜனும் டாக்டர்தான். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் அதே நோயில் இறந்தார். அதன் பிறகுதான் இவர் டெல்லி லேடி ஹார்டிஞ்சில் படித்து 1936இல் டாக்டரானார். துக்கத்தைச் சேவையாக்கினார் என்று மேடையில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இடைப்பட்ட வருஷங்களில் யாரிடம் வாய்விட்டு அழுதிருப்பார் என்பதுதான் எனக்கு ஓடுகிறது.

*

கேத வீட்டில் கிழவிகள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, ஆடி ஆடி ஒப்பு வைப்பார்கள். செத்தவர் வைத்த தென்னை, கைமாற்றுக் கொடுத்த பணம், கடைசியாகக் கேட்ட காப்பித்தண்ணி எல்லாம் அதில் வரும். மச்சினன் பங்கு தராததும் வரும். மற்ற நாளில் சொன்னால் வெட்டுக்குத்து. அன்றைக்கு அது பாட்டு. கேட்கிறவள் எதிர்த்துப் பேச மாட்டாள், அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பாள். புத்திமதியும் சொல்ல மாட்டாள். இப்போது ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மைக் வைத்துக் கூலிக்குப் பாடுகிறார்கள். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. தென்னை மட்டும் வராது.

*

பிள்ளைகளுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பிள்ளைகளுக்கென்றே இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் கனடா ஓவியர் பால் ஹோகனும் அருட்தந்தை பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் பாதித்த தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் வந்து படம் வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். பெரிய செலவில்லை, பழைய காலண்டரின் பின்பக்கமும் நாலு கலர் பென்சிலும் நம் வீட்டிலும் உண்டு. வரைந்து முடிப்பதற்குள் “இது அப்பாவா?” என்று கேட்கிற பெரியவர்களைத்தான் கொஞ்சம் தள்ளி உட்காரவைக்க வேண்டும்.

*

ஆம்பளைகள் பாடுதான் மோசம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, பந்தல்காரர் கணக்கு, மாலைச் செலவு. ஒப்பும் கிடையாது, கிரேயானும் கிடையாது. பதினாறு முடிந்து சொந்தபந்தம் பஸ் ஏறியபின் டாஸ்மாக் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணும் இருக்கிறது, டெலிமானஸ், 14416. ராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம், காசில்லை. “எனக்கென்ன கிறுக்கா?” என்பார் நம்ம ஆள். கருமாதிப் பத்திரிகையிலேயே அச்சடித்துவிடலாம், கீழே பிரஸ் பேர் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர் அதுவரைக்கும் வாசிப்பார்.