கர்ட் என்றால் தயிர் அல்ல

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் நடத்தும் பாடம் தயிர். சுங்க டாரிஃப் புத்தகத்தில் 0406-க்கு எதிரே ‘சீஸ் அண்ட் கர்ட்’ என்று இருக்கும். நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் கர்ட் என்றால் தயிர்தான். தயிரைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடுவார்கள். தயிருக்கு உரிய இடம் 0403. மோரும் யோகர்ட்டும் அங்கேதான் இருக்கின்றன. 0406 சொல்லும் கர்ட் வேறு. பாலைத் திரியவைத்து வடிகட்டினால் துணியில் தங்குமே, அந்தத் திரளை. நம் வீட்டுப் பன்னீர் அந்த வகை. நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற சொல்தான் இந்த வேலையில் முதலில் காலை வாரும். அதனால்தான் தயிரில் தொடங்குகிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இயந்திரம், ரசாயனம், துணி எல்லாம் பார்த்திருக்கிறேன். சீஸ் அளவுக்கு என்னைப் படிக்கவைத்த சரக்கு வேறு இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் எளிமையாகத்தான் தெரியும். 0406-க்குள் ஐந்தே அறைகள். பதப்படுத்தி முதிரவைக்காத புதுச் சீஸ் 10. துருவியதும் பொடித்ததும் 20. பிராசஸ்டு சீஸ் 30. நீல நரம்போடியது 40. மீதி எல்லாம் 90. இந்த ஆறு இலக்கம் வரை, 1988-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுப் பட்டியலைப் பின்பற்றும் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அவரவர் பாடு. நாம் இரண்டு பூஜ்யம் சேர்த்து எட்டு இலக்கமாக்கி நிறுத்திக்கொள்கிறோம். ஐரோப்பிய ஒன்றியமோ அந்த 90-ஐ எமென்டால், செடார், ஃபெட்டா, கௌடா என்று பெயர் பெயராகப் பிரித்து, கொழுப்பு நீக்கிக் கணக்கிட்ட ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்றுகூடக் கேட்கிறது.

சரக்குக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இந்த அறைகள் கேட்பதில்லை. அதை என்ன செய்தார்கள் என்று கேட்கின்றன. பார்மஜானோ கட்டியாக வந்தால் 90. அதையே துருவிப் பையில் அடைத்தால் 20. ஏனென்றால் 20-இல் ‘எல்லா வகையும்’ என்று எழுதியிருக்கிறது. காமம்பேருக்குப் பூஞ்சை வெளித்தோலில் வெள்ளையாகப் படர்கிறது. அதனால் அது 40-க்குப் போகாது. 40-க்கு வர வேண்டுமானால் பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி போன்ற பூஞ்சை உள்ளே நரம்பாக ஓடியிருக்க வேண்டும்.

இதை நான் கற்றது ஒரு தவறில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரீஃபர் கன்டெய்னர் வந்தது. இன்வாய்சில் ‘செடார் ஸ்லைஸ்’. செடார் என்றால் 90 என்று கை தானாகப் போட்டது. சாம்பிள் பெட்டியைக் கையில் எடுத்த அதிகாரி சேர்மானப் பட்டியலை வாசித்துவிட்டு, “சார், சீஸுக்கு சோடியம் சிட்ரேட் எதுக்கு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சீஸை அரைத்துச் சூடாக்கினால் கொழுப்பும் தண்ணீரும் தனித்தனியாகப் பிரியும். பிரியாமல் சேர்த்துப் பிடிக்கத்தான் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உருக்கு உப்புகள். உருக்கி மறுபடி வார்த்த பிறகு அது செடார் அறையில் இருக்க முடியாது. பிராசஸ்டு சீஸ், 30. பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதி அறிவிப்பைத் திருத்தி முடிப்பதற்குள் நான்கு நாள் போயிற்று. கன்டெய்னர் மின் இணைப்பில் நின்றுகொண்டிருந்தது. இறக்குமதி உணவில் பயன்பாட்டுக் காலம் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அந்த அளவாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சீஸ் விஷயத்தில் ஒவ்வொரு நாளும் அதில் கழிகிறது. 2011 முதல் வரியைக் கணக்கிட்டு அறிவிக்கும் பொறுப்பே இறக்குமதியாளர் பக்கம் வந்துவிட்டது. அவர் அந்தப் பொறுப்பை என்னை நம்பித்தான் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து இன்வாய்சுக்கு முன்னால் சேர்மானப் பட்டியலைத்தான் படிக்கிறேன். அந்த சிட்ரேட், பாஸ்பேட் உப்புகளைக் குறிக்கும் ஈ331, ஈ339 என்ற எண்கள் கண்ணில் பட்டால் பேனா நின்றுவிடும்.

உப்பைவிடப் பெரிய கேள்வி கொழுப்பு. பீட்சாவுக்கென்று துருவி வரும் சில சரக்குகளில் பாமாயில் இருக்கும். பெட்டியில் மொஸரெல்லா படம் போட்டிருக்கலாம். ஆனால் பாலின் இயல்பான கூறு ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால், அது பால்பொருள்கள் இருக்கும் 4-ஆம் அத்தியாயத்தை விட்டே வெளியேறி, உணவுத் தயாரிப்புகளுக்கான 1901-க்கோ 2106-க்கோ போகிறது. அத்தியாயக் குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மிளகு, மூலிகை, பருப்பு, இறைச்சித்துண்டு சேர்த்தாலும், ரொட்டித்தூள் பூசினாலும் பரவாயில்லை, சீஸின் தன்மை நின்றால் 0406-இலேயே இருக்கலாம். சேர்ப்பதைப் பொறுத்துக்கொள்கிற சட்டம், மாற்றிவைப்பதைப் பொறுப்பதில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்தக் குறிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுதியவருக்குப் பாலைத் தெரிந்திருக்கிறது.

நார்வேயின் பழுப்புச் சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். திரளையை எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரைச் சுண்டக் காய்ச்சி, பாலோ கிரீமோ சேர்த்துச் செய்வது. பார்த்தால் பால்கோவாக் கட்டி போல இருக்கும். இது சீஸா, இனிப்பா? அதே அத்தியாயக் குறிப்பு மூன்று கேள்வி வைக்கிறது. உலர்பொருளில் பால்கொழுப்பு 5 சதவீதமாவது உண்டா? மொத்தத்தில் உலர்பொருள் 70 முதல் 85 சதவீதத்துக்குள் நிற்கிறதா? அச்சில் வார்க்க வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் சீஸ்தான். நாக்கைக் கேட்க வேண்டியதே இல்லை.

வரி எங்கே உயரமோ அங்கே பெயர் நெளியும். கனடாவில் ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் சீஸுக்கு வரி 245.5 சதவீதம். சில இறக்குமதியாளர்கள் மொஸரெல்லாவோடு பெப்பரோனியை ஒரே பெட்டியில் போட்டு, உணவுத் தயாரிப்பு என்று வரியில்லாமல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 2013-இல் அரசு டாரிஃபைத் திருத்தி அந்த வழியை அடைத்தது.

சீஸ் இறக்குமதியில் புதிதாக இறங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விலைப்பட்டியலை மட்டும் எங்களுக்கு அனுப்பாதீர்கள். செய்முறை விவரம், சதவீதத்தோடு சேர்மானப் பட்டியல், ஈரப்பதம், கொழுப்பு, எத்தனை நாள் முதிரவைத்தார்கள் என்பது, இவ்வளவையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அப்படியும் ஐயம் இருந்தால் டெல்லியிலும் மும்பையிலும் முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறது, விண்ணப்பிக்கலாம். எல்லாம் சரக்கு கப்பலில் ஏறுவதற்கு முன்னால்.