குரங்குத் தோலில் ஓர் இயந்திரன்

பில் டக்கர் இயக்கிய 'ரோபோட் மான்ஸ்டர்' (1953) என்னும் அமெரிக்கப் படத்தில் மனித இனம் அழிந்துபட்டு எண்மரே எஞ்சுகின்றனர். அழித்தவன் வேற்றுக்கோளிலிருந்து வந்த ரோ-மான். அவனைக் கண்டால் அச்சம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது. இயந்திர மனிதனுக்கு உடை தைக்கப் பணமில்லை. நடிகர் ஜார்ஜ் பாரோஸிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. அதன் தலையை நீக்கிவிட்டு ஒரு விண்வெளிக் கவசத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். அவனது குகையருகே ஓயாமல் சோப்புக் குமிழிகள் பறக்கின்றன. அந்தக் குமிழிக் கருவிக்குப் பெயர்ப்பட்டியலில் தனியிடம் வேறு!

இசை மட்டும் இந்தக் கேலிக்கு உடன்படவில்லை. தொந்தி குலுங்கக் கொரில்லா குன்றேறும்போதும், உலகம் முடிகிறது என்றே அது நம்புகிறது. இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டைன். இடதுசாரிச் சார்பினர் என்ற ஐயத்தால் பெரிய படநிறுவனங்கள் அவரை ஒதுக்கியிருந்த காலம் அது. மூன்றே ஆண்டுகளில் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்துக்கு இசையமைக்கவிருந்தவர், இங்கே சோப்புக் குமிழிகளுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். படத்தின் மெய்யான அச்சுறுத்தல் திரைக்கு வெளியே இருந்திருக்கிறது. நம் கட்டுரைகளோ (என்னுடையதும் சேர்த்துத்தான்) குரங்குத் தோலையே சுற்றிவருகின்றன.

தோழர்களே, முதல் பத்து நிமிடங்களையேனும் திரையைப் பாராமல் கேளுங்கள்.