கருந்திரையில் படிக்க எந்த வடிவம்?

கல்லங்குறிச்சி போன்ற ஊர்களின் பள்ளிக் கணினிகளுக்கு லினக்ஸ் வழிகாட்டி எழுதுவோருக்கு என் யோசனை: பிடிஎஃப் வேண்டாம், வெறும் உரையாகவே படிக்க முடிகிற மார்க்டவுனில் எழுதுங்கள். வரைகலைத் திரை படுத்துவிட, உரைமுனையம் மட்டும் மிஞ்சும் வேளையில்தான் வழிகாட்டி அவசரமாகத் தேவைப்படும். அப்போது 'லெஸ்' கட்டளை ஒன்றே போதும். 1971 முதல் யுனிக்ஸ் கட்டளைகளை விளக்கிவரும் 'மேன்' பக்கங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். தலைப்பு, தடித்த எழுத்து, தேடல் எல்லாம் அதில் நன்றாகவே வரும். ஆனால் அதன் மூலக்கோப்பு முழுக்கப் புள்ளிக் கட்டளைகள். புதிதாக எழுத வருபவரை மிரட்டும். மார்க்டவுனில் எழுதினால் 'பேன்டாக்' என்ற மென்பொருள் அதை மேன் பக்கமாகவும் மாற்றித் தரும்.

உரைமுனையத்தில் தமிழே சரியாகத் தெரியாதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். லினக்ஸின் அடிப்படை உரைமுனையம் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் ஏற்காது. 'கெ' என்பதில் கொம்பை முன்னால் வைக்கவும் அதற்குத் தெரியாது. இது முனையத்தின் குறை. மேன் பக்கத்துக்கும் அதே கதிதான். ஆகவே அவசரக் கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்தில் தனிக் கோப்பாக வைத்துவிட்டு, முழு விளக்கத்தையும் தமிழில், யூனிகோடில் எழுதலாம். தமிழ் நூல்களை மின்வடிவில் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு எளிதாக மாற முடிந்ததற்கு, அவை உரையாக இருந்தது முக்கியக் காரணம். நம் வழிகாட்டிகளுக்கும் அந்த வசதி வேண்டும்.