ஆந்தைக் கண்

வாய்மொழித் தேர்வில் 'தெரியாது' என்று சொல்லி நான் மதிப்பெண் வாங்கியது ஒரே முறை, 1989-ல். ஸ்லைடில் ஒரு பெரிய செல், அடுத்தடுத்து இரண்டு உட்கரு, நடுவே சிவந்த புள்ளிகள். ஆந்தை என்னையே பார்ப்பது போலிருந்தது.

"ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் சார். ஹாட்ஜ்கின் நோய்."

"எந்தச் செல்லிலிருந்து வந்தது?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. போம்மா."

அந்த ஆந்தையை எனக்கு முன்பே தெரியும். சித்தப்பாவுக்குக் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவில் கட்டி, வலி கிடையாது. "நெறி கட்டியிருக்கு, கால்ல புண் இருக்கா பாரு" என்றாள் பாட்டி. சுண்ணாம்புப் பற்று போட்டோம். பிறகு ஒரு டாக்டர் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். சிறுநீர்தான் சிவந்தது, கட்டி அசையவில்லை.

அந்த டாக்டரைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. 1898-ல் இந்தச் செல்லை விவரித்த ஸ்டெர்ன்பெர்க்கே இதைக் காசநோயின் ஒரு வகை என்றுதான் நினைத்தார். இல்லை என்று 1902-ல் மறுத்தவர் பால்டிமோரில் இருந்த டோரதி ரீட். பெண்ணுக்கு அங்கே பதவி உயர்வு கிடைக்காது என்று தெரிந்ததும் வெளியேறினார். படிக்கும் காலத்தில் இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த நிணநீர்ப் புற்றுநோயின் வேர் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. கட்டியில் இந்தச் செல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் கூத்துப் பார்க்க வந்த கூட்டம். கட்டியை அரைத்துச் சோதித்தால் கூட்டம்தான் பதில் சொல்லும். 1994-ல் ஜெர்மனியில் கியூப்பர்ஸ் குழுவினர் ஸ்லைடிலிருந்து இந்தச் செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். உள்ளே ஆன்டிபாடி மரபணு வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அது ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுவான பி செல்லின் கைவேலை. நிணநீர்க் கணுவுக்குள் பி செல் அந்த மரபணுவை மேலும் திருத்திக்கொள்ளும். திருத்தம் கெட்டால் செத்துப்போக வேண்டும். சில நோயாளிகளின் செல்களில் ஆன்டிபாடியே செய்ய முடியாத அளவுக்கு அது கெட்டிருந்தது. ஆனாலும் அந்தச் செல் சாகவில்லை. போதாக்குறைக்கு பி செல்லின் அடையாளங்களையும் ஏறக்குறைய முழுதாக உதறிவிட்டிருந்தது. எங்கள் சாருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஹாட்ஜ்கின் 1832-ல் விவரித்த நோயாளிகள் சிலரின் உறுப்புகள் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1926-ல் அவற்றை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது இதே செல் தெரிந்தது.

இப்போது நான் அதே கேள்வியைக் கேட்கிறேன். முடிப்பதற்குள் "பி செல் மேடம்" என்கிறார்கள். அவர்களுக்குக் காட்டுவது சித்தப்பாவின் ஸ்லைடு. ஏழாவது மாதம் எடுத்த சதைத் துண்டு அது. சாயம் வெளுத்துவிட்டது, இரண்டு கண்ணும் இன்னும் தெரிகின்றன.