பொய்க்கோலும் மெய்யும்

மகளிர் இதழ்கள் பல, ஒரு பக்கத்தில் ‘உன் உடலை நீயே இகழாதே’ என்று அறிவுரை கூறும். மறு பக்கத்திலோ உடல் மெலிய வழி உரைக்கும். வடுவும் சுருக்கமும் கணிப்பொறியால் நீக்கப்பெற்ற உருவங்களை அழகின் அளவுகோலாக நிறுத்தும். சொல்லால் தேற்றிப் படத்தால் வருத்துதல் முறையாகுமோ?

அமெரிக்க நாட்டின் மெயின் மாநிலத்தில் வாழ்ந்த ஜூலியா புளூம் என்னும் 14 வயதுச் சிறுமி, தன்னோடு நடனம் பயின்ற தோழியர் ‘பருத்துவிட்டோமே’ என்று வருந்தக் கேட்டாள். 2012ஆம் ஆண்டில், ‘செவன்டீன்’ என்னும் இளம்பெண்கள் இதழ், திங்கள்தோறும் ஒரு பகுதியிலேனும் திருத்தாத படங்களை வெளியிடுதல் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினாள். 80,000க்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். பெண்களின் உடலமைப்பையும் முகவடிவையும் மாற்றுவதில்லை என அவ்விதழ் உறுதி கூறிற்று.

மாணவர்களே! திருத்திய படத்தைக் கொண்டு தம்மை அளப்போர், பொய்க்கோலால் மெய்யை அளப்போரே ஆவர்.