பாடி பாலத்துல சைரன் கேட்டா...

"பாடியில எங்க இறங்கணும்?"னு கண்டக்டர் கேட்டா முழிக்காதீங்க. லூகாஸ், பாலம், சரவணா ஸ்டோர்ஸ், கோயில்னு ஒரே ஊருக்கு ஏகப்பட்ட அடையாளம். கோயில்னா திருவலிதாயம். சம்பந்தர் பாடின சிவன் கோயில். குருப் பெயர்ச்சி அன்னைக்கு அந்தப் பக்கம் போனா கூட்டத்துல நசுங்கிட்டு வரலாம். ஆனா, இந்த ஊருக்குச் சோறு போட்டது கம்பெனிகள்தான். வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்யுது. பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்யுது. லூகாஸ் டி.வி.எஸ். செல்ஃப் மோட்டார் செய்யுது. ஆக, வண்டியைக் கிளப்ப, ஓட்ட, நிறுத்த... மூணுக்கும் இங்கே சரக்கு ரெடி. ஒதுங்கி வழிவிடறதுக்கு மட்டும் இன்னும் யாரும் ஸ்பேர் பார்ட் கண்டுபிடிக்கலை!

சந்தேகமா இருந்தா, ஒரு சாயங்காலம் பாடி பாலத்துக்கு வாங்க. கோயம்பேட்டிலிருந்து ரெட்டேரி, மாதவரம் போகும் நூறடி ரோடும், வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் போகும் சி.டி.ஹெச். ரோடும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிற இடம். மேலேயிருந்து பார்த்தா இலை மாதிரி வளையம் வளையமா இருக்கும். புதுசா வர்றவங்களுக்கு இந்தப் பாலம் ஒரு புதிர். ரைட்டுல போகணும்னா ரைட்டுல திரும்பக் கூடாது. நேரா போய்ப் பாலத்தைத் தாண்டி, லெஃப்ட் எடுத்து, வளையத்துல முக்கால் வட்டம் அடிச்சா, நீங்க போக வேண்டிய ரோட்டுல வந்து விழுவீங்க. சிக்னலே வேண்டாம். பிரமாதமான ஐடியாதான். ஆனா, ஒரு வளையத்திலிருந்து வெளியே வர்றவரும், அடுத்த வளையத்துக்குள்ளே நுழையறவரும் ஒரே துண்டு ரோட்டுல ஒருத்தருக்கொருத்தர் குறுக்கே பாய்வாங்க. அந்தத் துண்டு ரோட்டுலதான் சாயங்காலக் கச்சேரி.

ஆவடி, அம்பத்தூர் பக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கும் சென்ட்ரல் ஜி.ஹெச்.சுக்கும் போற ஆம்புலன்ஸ் இந்த வழியா வரும். கொஞ்ச தூரத்துல முகப்பேர். அங்கே இருதய ஆஸ்பத்திரிகள் இருக்கு. சைரன் கேட்டதும் என்ன நடக்குதுன்னு கவனிங்க. ஒருத்தர் லெஃப்ட்ல ஒதுங்குறார். இன்னொருத்தர் ரைட்ல ஒதுங்குறார். மூணாவது ஆள் பதறிப் போய் நட்டநடு ரோட்டுல சடன் பிரேக் போடறார். "யோவ், லெஃப்ட்ல ஏறுய்யா!"னு நாலாபக்கமும் கத்தல். வழிவிடக் கூடாதுன்னு யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் ஒதுங்கத்தான் பார்க்கிறாங்க. ஆளுக்கொரு திசையில ஒதுங்கறதுதான் பிரச்னை.

இதே ஏரியா ஒரு தடவை தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வெச்சிருக்கு. 2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயசுப் பையன் ஹிதேந்திரன், பைக் விபத்துல மூளைச்சாவு அடைஞ்சான். அப்பா, அம்மா ரெண்டு பேருமே டாக்டர்கள். பையனோட உறுப்புகளைத் தானம் பண்ண முடிவெடுத்தாங்க. இதயம் தேனாம்பேட்டை அப்போலோ ஆஸ்பத்திரியிலிருந்து முகப்பேர் ஃபிரான்டியர் லைஃப்லைன் ஆஸ்பத்திரிக்கு வரணும். அங்கே ஒரு சின்னப் பொண்ணு காத்துக்கிட்டிருந்தா. உடம்பை விட்டு வெளியே எடுத்த இதயத்துக்கு நாலு மணி நேரம் போலத்தான் கெடு. எடுக்கிறது, பொருத்தறது எல்லாமே அதுக்குள்ளே அடக்கம். போலீஸ் முன்கூட்டியே வழியை காலி பண்ணிக் கொடுக்க, வண்டி சுமார் 11 நிமிஷத்துல முகப்பேர் வந்து சேர்ந்துச்சு. சென்னை டிராஃபிக்கில் 11 நிமிஷம்! மலையாளத்துல 2011-ல் வந்த 'டிராஃபிக்', தமிழ்ல 2013-ல் வந்த 'சென்னையில் ஒரு நாள்' படங்களுக்கு இதுதான் பொறி. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுல ஓட ஆரம்பிச்சதும் அதே 2008 செப்டம்பர்தான்.

ஆனா, தினமும் பாடி பாலத்துல ஏறுற சாதா ஆம்புலன்ஸுக்கு முன்னாடி எந்தப் போலீஸும் ரோட்டை காலி பண்ணி வைக்கறதில்லை. உள்ளே இருக்கிறது பிரசவ வலியில துடிக்கிற பொண்ணா இருக்கலாம், லேத்துல கையைக் கொடுத்த தொழிலாளியா இருக்கலாம். அவங்களுக்கு முன்னாடி போற வண்டிக்காரர் நாமதான்.

ஒதுங்கறதுக்குச் சட்டம் இருக்கு பாஸ். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாம மறிச்சா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா பத்தாயிரம் ரூபாய் ஃபைன், இல்லேன்னா ரெண்டுமேன்னு 194-இ பிரிவுல போட்டாங்க. 2022 அக்டோபர்ல தமிழ்நாடு அரசும் அந்தப் பத்தாயிரத்தை அமலுக்குக் கொண்டுவந்துச்சு. ஃபைனுக்கு பயந்து ஒதுங்கினாலும் சந்தோஷம்தான். எப்படி ஒதுங்கணும்கிறதை மட்டும் சட்டப் புத்தகம் நம்ம பாடி வளையத்தைப் பார்த்து எழுதலை.

சாதா ரோட்டுல விஷயம் சிம்பிள். இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைச்சு, லெஃப்ட்ல ஒதுங்கணும். வளையத்துக்குள்ளே இருக்கும்போது அதையே செஞ்சா மாட்டிக்குவோம். அங்கே ஓரம்னு ஒண்ணு பெரிசா கிடையாது. நீங்க நின்னா பின்னாடி எல்லாரும் நிப்பாங்க, ஆம்புலன்ஸும் நிக்கும். அதனால வளையத்துல பிரேக்கை மறந்துட்டு, நிதானமா ஓட்டி வெளியே வந்து, அகலமான இடத்துல லெஃப்ட் ஒதுங்குங்க. நெரிசல்ல நகரவே முடியலைன்னா ஜெர்மனிக்காரங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. ஹைவேயில வண்டிகள் ஊர ஆரம்பிச்சாலே, சைரனுக்குக் காத்திருக்காம நடுவுல ஒரு சந்து விட்டுடணும். அது அங்கே சட்டம். நம்ம ஊருக்கு மாத்திச் சொன்னா, மீடியனை ஒட்டிப் போறவங்க இன்னும் மீடியன் பக்கம் ஒட்டணும், மத்தவங்க மொத்தமா லெஃப்ட். சிக்னல்ல முதல் வரிசையில நிக்கிறவர் ரெட்டைத் தாண்டி நடு ஜங்ஷனுக்குப் பாயக் கூடாது. குறுக்கே வர்ற லாரிக்கு உங்க நல்ல மனசு தெரியாது. லெஃப்ட்ல சரிஞ்சு இடம் விட்டா போதும்.

பாலத்துக்குக் கீழே சைரன் சத்தம் சுவத்துல பட்டு எதிரொலிக்கும். எந்தப் பக்கமிருந்து வருதுன்னு காதை நம்ப முடியாது, கண்ணாடியைத்தான் நம்பணும். ஆம்புலன்ஸ் நெத்தியில எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதறது எதுக்குன்னு நினைச்சீங்க? முன்னாடி போறவர் கண்ணாடியில நேரா படிக்கத்தான். நம்ம பசங்க பைக் வாங்கின மறுநாளே அழகு கெடுதுன்னு அந்தக் கண்ணாடியைத்தான் முதல்ல கழட்டுறாங்க. காதுல இயர்போன் வேற!

இன்னொரு கோஷ்டி இருக்கு. ஆம்புலன்ஸ் வழி பிளந்துக்கிட்டுப் போனதும், பின்னாடியே ஒட்டிக்கிட்டு ஓசியில பறக்கிற பைக் வீரர்கள். ஆம்புலன்ஸ் திடீர்னு பிரேக் போட்டா இவங்களும் உள்ளே படுக்க வேண்டியதுதான். ஒதுங்கி நின்ன நீங்களும் வண்டி தாண்டின அடுத்த நொடி நடு ரோட்டுக்குத் திரும்பிடாதீங்க. பெரிய விபத்துன்னா ஒண்ணுக்குப் பின்னாடி ரெண்டாவது, மூணாவது ஆம்புலன்ஸும் வரும்.